மான்ஸ்டெரா வளர்ப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டுக்குள் வளர்க்கும் இலைச்செடிகளில் மான்ஸ்டெரா டெலிசியோசா பற்றிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். மெக்ஸிகோவின் தெற்கிலிருந்து பனாமா வரை உள்ள மழைக்காடுகளில் மரமேறி வளரும் கொடி இது. சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. ‘மரமேறும் காட்டுக்கொடி’ என்ற இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்களில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

கேள்வி: எங்கள் மான்ஸ்டெராவில் கீழ் இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகின்றன. தண்ணீர் போதவில்லையோ என்று தினமும் ஊற்றுகிறோம். இன்னும் மோசமாகிறது. தொட்டி கூடத்தின் மூலையில், ஜன்னலிலிருந்து எட்டு அடி தள்ளி இருக்கிறது.

பதில்: தினமும் ஊற்றுவதை இன்றே நிறுத்துங்கள். தொட்டி இருக்கும் இடத்தையும் அறிகுறியையும் சேர்த்துப் பார்த்தால் இது வேரழுகலாகத்தான் இருக்க வேண்டும். தண்ணீர் குறைந்தாலும் இலை தொங்கும், மஞ்சளாகும். அதிகமானாலும் அதேதான். அதனால்தான் பலரும் வாடிய செடிக்கு மேலும் மேலும் ஊற்றிக் கொன்றுவிடுகிறார்கள். தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். காய்ந்து வாடும் செடியின் தொட்டி லேசாக இருக்கும், இலையின் ஓரம் மொறுமொறுவென்று இருக்கும். அழுகி வாடும் செடியின் தொட்டி கனக்கும், இலை மெத்தென்று மஞ்சளாகும், மண்ணை முகர்ந்தால் சாக்கடை வாடை வரும்.

செடி எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதை முடிவு செய்வது வெளிச்சம். ஜன்னலோரத்தில் நாலைந்து நாளில் காயும் மண், இருண்ட மூலையில் இரண்டு வாரம் ஆனாலும் காயாது. மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் தங்கினால் வேர் மூச்சுமுட்டிச் சாகும். செத்த வேரில் பித்தியம், பைட்டோப்தோரா போன்ற அழுகல் கிருமிகள் புகுந்து நல்ல வேருக்கும் பரவும். வேர் போனபின் உறிஞ்ச வழியில்லை. சொதசொத மண்ணில் நிற்கும் செடி தாகத்தில் வாடுவது இப்படித்தான்.

செடியைத் தொட்டியிலிருந்து கவிழ்த்து எடுத்து, பழைய மண்ணை உதறி, வேரைக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். நல்ல வேர் வெண்மையாகவோ பழுப்பு கலந்த வெண்மையாகவோ, அழுத்தினால் கெட்டியாக இருக்கும். அழுகிய வேரை விரல்களுக்கிடையில் இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, அழுகலுக்கு மேலே நல்ல பகுதி ஒரு சென்டிமீட்டர் சேர்ந்து வரும்படி வெட்டுங்கள். ஒவ்வொரு சில வெட்டுக்கும் ஒருமுறை கத்தரியைத் துடைக்க வேண்டும். மிஞ்சிய வேருக்கு மட்டும் இடம் கொடுக்கும் அளவில் சிறிய தொட்டியை எடுங்கள். பழைய பெரிய தொட்டியிலேயே மறுபடி நட்டால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து திரும்ப அழுகும். புதுக் கலவையில் நட்டு ஒருமுறை நன்றாக நனைத்து, ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று அடிக்குள் வையுங்கள். ஆறு வாரத்துக்கு உரம் வேண்டாம். முழுதாக மஞ்சளான இலைகள் பச்சைக்குத் திரும்பாது, அவற்றை வெட்டிவிடலாம். பாதி பச்சையாக இருப்பவற்றை விட்டுவையுங்கள், அவை இன்னும் உணவு தயாரிக்கின்றன.

வேர் ஒன்றுகூட மிஞ்சவில்லை, தண்டு மட்டும் கெட்டியாக இருக்கிறது என்றால் தண்டைக் கணுவோடு வெட்டிப் போத்தாக வைத்துப் பிழைக்க வைக்கலாம். அதன் முறை பின்னால் வருகிறது.

ஒரு விஷயம்: வருடத்துக்கு ஒன்றிரண்டு அடியிலைகள் மஞ்சளாகி விழுவது முதுமை. மேலே குருத்து வந்துகொண்டிருந்தால் அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றுவது?

பதில்: நாள் கணக்கு வைக்காதீர்கள். மண்ணின் மேல் 4-5 சென்டிமீட்டர் காய்ந்த பிறகு ஊற்றுங்கள். பெரிய தொட்டியில் விரல் போதாது. ஒரு மூங்கில் குச்சியை அடிவரை குத்தி ஐந்து நிமிடம் விட்டு எடுத்துப் பாருங்கள். கீழ்ப்பாதியில் ஈரம் ஒட்டியிருந்தால் இன்னும் பொறுக்கலாம்.

ஊற்றும்போது கஞ்சத்தனம் கூடாது. மேல்மண் முழுவதும் நனையும்படி மெதுவாகச் சுற்றி ஊற்றி, ஊற்றியதில் ஐந்தில் ஒரு பங்கு அடித்துளை வழியாக வெளியேற வேண்டும். அப்போதுதான் அடிவேர் வரை நனையும், தேங்கிய உப்பும் கழுவிப் போகும். அரை மணி நேரம் கழித்துத் தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தினமும் ஒரு குவளை என்று ஊற்றுவதில் இரட்டை நஷ்டம் உண்டு: மேல்மண் எப்போதும் ஈரமாக இருக்கும், அடியில் சில இடம் நனையாமலே கிடக்கும்.

தொடர்ந்து மேகமூட்டமாக இருக்கும் நாட்களிலும் குளிர்காலத்திலும் இடைவெளி தானாக நீளும். செடியை வேறு இடத்துக்கு மாற்றினாலும் பழைய வழக்கத்தை மறந்து மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.

கேள்வி: செடிக்கு இரண்டு வயது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவில், இதய வடிவில் வருகிறது. ஓட்டையும் இல்லை, பிளவும் இல்லை. கடையில் ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்றியிருக்க வாய்ப்பு குறைவு. இளம் மான்ஸ்டெராவின் இலை முழுசாகத்தான் இருக்கும். ஐந்தாறு இலைக்குப் பிறகு ஓரப் பிளவு தொடங்கும், இன்னும் முதிர்ந்தபின் நடுநரம்பை ஒட்டிச் சிறு ஓட்டைகள் வரிசையாக வரும். இரண்டு வருடமாகியும் அதே சின்ன இலை என்றால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். இரண்டு இலைக்கு நடுவே தண்டு நீண்டு, காம்பு மெலிந்து ஜன்னலை நோக்கிச் சாய்ந்திருக்கிறதா பாருங்கள். சாய்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இந்த ஓட்டை விழும் விதமே அழகு. இலை குருத்துக்குள் நுண்ணிய அளவில் இருக்கும்போதே குறிப்பிட்ட இடங்களில் உள்ள செல்கள் திட்டமிட்டபடி இறந்துவிடுகின்றன. இலை பெரிதாகும்போது அந்தப் புள்ளி ஓட்டையாக விரிகிறது. ஆகவே ஒருமுறை விரிந்துவிட்ட இலையில் பிறகு ஓட்டை வராது. இன்று நீங்கள் செய்யும் மாற்றம் அடுத்தடுத்த குருத்துகளில்தான் தெரியும். இரண்டு மூன்று இலை வரை பொறுத்திருங்கள்.

காட்டில் இதற்கு என்ன பயன் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. 2013-ல் கிறிஸ்டோபர் முயர் என்ற தாவரவியலாளர் கணித மாதிரி ஒன்றை முன்வைத்தார். காட்டுத் தரையில் வெயில் திட்டுத் திட்டாகத்தான் விழும். அதே அளவு இலைப்பொருளை ஓட்டைகளோடு அகலப் பரப்பினால், ஏதாவது ஒரு வெயில் திட்டு இலைமேல் விழும் வாய்ப்பு சீராகிறது. பட்டினி நாட்கள் குறைகின்றன.

இப்போது வெளிச்சத்துக்கு வருவோம். நடுப்பகலில் செடிக்கும் ஜன்னலுக்கும் நடுவே கையை நீட்டுங்கள். இலைமேல் விழும் நிழல் விரல் விரலாகத் தெளிவாகத் தெரிந்தால் நல்ல வெளிச்சம். மங்கலான மேகம்போல் தெரிந்தால் செடி உயிரோடு இருக்கும், அவ்வளவுதான். கைப்பேசியில் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் செயலி இருந்தால் இன்னும் எளிது. 1,000 லக்ஸுக்குக் கீழே செடி தேய்ந்துகொண்டே போகும். பகலின் பெரும்பகுதி 5,000 முதல் 10,000 லக்ஸ் கிடைத்தால் பெரிய, பிளந்த இலைகளை எதிர்பார்க்கலாம். காலை வெயில் இரண்டு மணி நேரம் நேராக விழலாம். உச்சி வெயில் கண்ணாடி வழியாக விழுந்தால் இலையில் வெளிறிய பழுப்புத் திட்டு எரியும், அங்கே மெல்லிய திரைச்சீலை போடுங்கள். இருட்டு மூலையிலிருந்து ஒரேயடியாக வெயிலுக்கு மாற்றாமல், பத்துப் பதினைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள்.

ஜன்னல் வசதி இல்லாதவர்கள் 20 முதல் 30 வாட் வெள்ளை எல்இடி செடிவிளக்கை மேலிருந்து 30-45 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்து, நாளுக்கு 12 மணி நேரம் எரியவிடலாம். ஊதா நிற விளக்குதான் வேண்டும் என்பதில்லை. வெள்ளை விளக்கில் செடியும் நன்றாக வளரும், பூச்சி நோய் வந்தால் கண்ணுக்கும் தெரியும்.

ஒருவேளை உங்களிடம் இருப்பது வேறு செடியோ என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ‘மினி மான்ஸ்டெரா’ என்று விற்பது ரேஃபிடோஃபோரா டெட்ராஸ்பெர்மா, தாய்லாந்து, மலேசியாக் காடுகளைச் சேர்ந்தது. இலை சிறியதாக இருந்தாலும் இளமையிலேயே பிளவு வந்துவிடும். மான்ஸ்டெரா அடான்சோனி என்பதன் ஓட்டைகள் ஓரத்தை எட்டாமல் இலைக்குள்ளேயே மூடியிருக்கும். இவை இரண்டும் கொஞ்சம் வேகமாகக் காயும் மெல்லிய இலைக்காரர்கள். மற்றபடி பராமரிப்பு ஒன்றுதான்.

கேள்வி: என்ன மண் போடுவது? அடியில் கூழாங்கல் போட்டால் தண்ணீர் வடியும் என்கிறார்களே?

பதில்: கூழாங்கல்லை விட்டுவிடுங்கள். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடுக்குள்ள கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. மண் முழுவதும் நனைந்து, இனி பிடிக்க முடியாது என்ற நிலை வந்த பிறகே சொட்டும். எந்தத் தொட்டியிலும் அடிமட்டத்தில் சில சென்டிமீட்டர் மண் எப்போதும் சொதசொதவென்றே நிற்கும். கல் போட்டால் அந்தச் சொதசொதப்பு கல்லுக்கு மேலே, வேருக்குப் பக்கத்தில் ஏறி வந்துவிடுகிறது. தண்ணீர் வடிவது கலவையின் கரடுமுரடிலும் அடித்துளையிலும்தான் இருக்கிறது. துளை இல்லாத அழகுத் தொட்டி பிடித்திருந்தால், செடியைத் துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு அதற்குள் இறக்கி வையுங்கள். தண்ணீர் ஊற்ற மட்டும் வெளியே எடுங்கள்.

10 லிட்டர் கலவைக்கு: மரப்பட்டைத் துண்டு அல்லது தேங்காய் மட்டைத் துண்டு 4 லிட்டர், தேங்காய் நார்த்தூள் 3 லிட்டர், பெர்லைட் (லேசான வெள்ளை மணிகள்) அல்லது பியூமிஸ் எனப்படும் நுரைக்கல் 2 லிட்டர், மண்புழு உரம் 1 லிட்டர். பட்டைத் துண்டு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் அளவில் இருக்கட்டும். மண்புழு உரம் நல்லதுதானே என்று கூட்டிவிடாதீர்கள். அது நுண்ணியது, இடுக்குகளை அடைத்து ஈரத்தைப் பிடித்துவைக்கும். கட்டியாக வரும் நார்த்தூளில் உப்பு இருக்கலாம். ஊறவைத்துப் பிழிந்து, வடியும் தண்ணீர் தேநீர் நிறம் போய்த் தெளியும்வரை மூன்று நான்கு முறை அலசுங்கள். பெர்லைட்டை நனைத்துவிட்டுக் கையாளுங்கள், அதன் தூசி மூச்சுக்கு ஆகாது. தோட்டத்து மண்ணைச் சேர்க்க வேண்டாம். நிலத்தில் பொலபொலவென்று இருக்கும் மண்கூடத் தொட்டிக்குள் இறுகிவிடும்.

தொட்டி மாற்றும்போது பழையதைவிட விட்டம் 3 முதல் 5 சென்டிமீட்டர் கூடினால் போதும். வேர் துளை வழியாக எட்டிப் பார்க்கும்போதோ, ஊற்றிய தண்ணீர் நில்லாமல் சரசரவென்று ஓடும்போதோ மாற்றலாம். பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும்.

கேள்வி: காலையில் இலை நுனியில் தண்ணீர் சொட்டுகிறது. நோயா?

பதில்: இல்லை. இரவில் இலை ஆவி விடாதபோது வேரின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளி, இலை ஓரத்துத் துளைகள் வழியாக வெளியேற்றுகிறது. தண்ணீர் ஊற்றிய மறுநாள் அதிகம் சொட்டும். தினமும் சொட்டினால் மட்டும் மண் காய்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். மரச்சாமானில் கறை படியும், துடைத்துவிடுங்கள்.

கேள்வி: தண்டிலிருந்து கயிறு கயிறாக வேர்கள் தொங்குகின்றன. வெட்டலாமா? செடி பக்கவாட்டில் படர்ந்து இடத்தை அடைக்கிறது. கம்பு நட்டும் வேர் அதைப் பிடிக்கவில்லை.

பதில்: இரண்டும் ஒரே விஷயம்தான். அவை விழுதுகள். மரத்தைப் பற்றிக்கொள்ளவும் பட்டையிலுள்ள ஈரத்தை உறிஞ்சவும் வருபவை. வெட்டினால் செடி சாகாது, ஆனால் வெட்டாமல் பயன்படுத்திக்கொள்வதே லாபம். நீண்டவற்றைத் தொட்டி மண்ணுக்குள் வளைத்துவிடுங்கள், மண்ணைத் தொட்டதும் கிளைவிட்டு உண்மையான வேராகிவிடும்.

காய்ந்த நார்க்கம்பை எந்த விழுதும் பிடிக்காது. அது செடிக்கு முட்டுக்கொடுக்கும், அவ்வளவே. விழுது ஈரத்தைத் தேடி வருவது. பாசிக்கம்பு செய்ய, ஒரு செ.மீ கண்ணியுள்ள பிளாஸ்டிக் வலையை 6-8 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்போல் சுருட்டி, தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஸ்பேக்னம் என்ற பாசியை ஊறவைத்து உள்ளே திணியுங்கள். கெட்டியாகத் திணித்தால் தண்ணீர் இறங்காது. தளர்வாக விட்டால் விரைவில் காயும். அழுத்தினால் பஞ்சுபோல் மீளும் பதம் சரி. கம்பு தொட்டியின் அடிவரை இறங்கி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் செடி கனத்ததும் சாய்ந்துவிடும்.

மான்ஸ்டெரா தண்டுக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. இலை ஒரு பக்கம் நோக்கும், விழுது மறுபக்கம் முளைக்கும். விழுதுப் பக்கம் கம்பைத் தொடும்படி நிறுத்தி, தண்டைக் கணுவுக்குப் பக்கத்தில் கட்டுங்கள். காம்பைக் கட்டவே கூடாது. காம்பு வெளிச்சத்துக்கேற்பத் திரும்ப வேண்டிய உறுப்பு, கட்டினால் ஒடியும். கம்பின் உச்சியில் மூடியில் துளையிட்ட சிறு புட்டியைக் கவிழ்த்து வைத்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். பாசி எப்போதும் லேசான ஈரத்துடன் இருக்க வேண்டும். நாலைந்து விழுதுகள் உள்ளே போய் வேர்விட்டதும் அடுத்த இலை முந்தியதைவிடக் கண்ணுக்குத் தெரியப் பெரிதாக வரும். எங்கள் கருத்தில், வெளிச்சத்துக்கு அடுத்தபடி பெரிய இலைக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

இந்தக் குடும்பத்தின் ஏறும் குணம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒரு செய்தி: கோஸ்டா ரிக்காவில் மான்ஸ்டெரா இனமொன்றின் நாற்றுகளைக் கவனித்த டொனால்ட் ஸ்ட்ராங், தாமஸ் ரே இருவரும், அவை வெளிச்சத்தை விட்டு இருட்டை நோக்கி ஊர்வதை 1975-ல் எழுதினார்கள். காட்டில் அடிவானத்தின் இருண்ட பகுதி பெரும்பாலும் ஒரு பெரிய மரத்தின் அடித்தண்டாக இருக்கும். மரத்தைத் தொட்ட பிறகு வெளிச்சத்தை நோக்கி ஏறத் தொடங்குகின்றன.

கேள்வி: ஓர் இலையை நீளமான காம்போடு வெட்டித் தண்ணீரில் வைத்து மூன்று மாதம் ஆகிறது. இலை பச்சையாகவே இருக்கிறது, செடி வரவில்லை. ஏன்?

பதில்: வரவே வராது. காம்பில் கணு கிடையாது. புதுத் தளிர் கிளம்பும் மொட்டு, தண்டின் கணுவில் மட்டும்தான் இருக்கிறது. காம்பு தண்டோடு சேரும் இடத்தில் வளையம்போல் ஒரு தழும்பு தெரியும். அதை ஒட்டிச் சிறு புடைப்பு இருக்கும். அந்தப் புடைப்புதான் மொட்டு. அது இல்லாத துண்டு எவ்வளவு காலம் பச்சையாக இருந்தாலும் வெறும் இலைதான்.

போத்துக்கு ஓர் இலை, ஒரு கணு, முடிந்தால் ஒரு விழுது சேர்ந்த தண்டுத் துண்டை எடுங்கள். கணுவுக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே, சுத்தமான கத்தியால் ஒரே வெட்டாக வெட்டி, வெட்டுவாயைச் சில மணி நேரம் நிழலில் உலர விடுங்கள். கண்ணாடிக் குவளையில் கணு மட்டும் மூழ்கத் தண்ணீர் வைத்து, நாலு நாளுக்கு ஒருமுறை மாற்றலாம். ஈரப் பாசியில் வைத்தால் பிறகு மண்ணுக்குப் பழகுவது எளிது. 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பமும் நல்ல வெளிச்சமும் இருந்தால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் வேர் தெரியும். குளிரில் இரட்டிப்புக் காலம் பிடிக்கும். வேர் 5-8 சென்டிமீட்டர் நீண்டு, அதிலிருந்து பக்க வேர் கிளம்பியதும் சிறு தொட்டிக்கு மாற்றுங்கள். தண்ணீரில் வந்த வேர் மண்ணுக்குப் பழகும் முதல் இரண்டு வாரம் மட்டும் கலவை காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே ஒரு செடி, இழக்க மனமில்லை என்பவர்களுக்கு விண்பதியம் நல்லது. தாய்ச்செடியிலேயே விழுதுள்ள கணுவைச் சுற்றி ஒரு கைப்பிடி ஈரப்பாசி வைத்து, பிளாஸ்டிக் தாளால் சுற்றி மேலும் கீழும் கட்டுங்கள். பாசி காய்ந்தால் ஊசிக்குழாயால் தண்ணீர் விடுங்கள். பாசிக்குள் வேர் நிரம்பியது தாள் வழியாகத் தெரிந்தபின், கணுவுக்குக் கீழே வெட்டி நடலாம். பட்டையை உரிக்கத் தேவையில்லை.

வெட்டும்போது வடியும் சாறு தோலில் அரிப்பைத் தரும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: இலையில் வெள்ளி நிறக் கீறல்கள், நடுவே கறுப்புப் புள்ளிகள். வேப்ப எண்ணெய் இரண்டு முறை தெளித்தோம். போய்விட்டுத் திரும்ப வந்துவிட்டது.

பதில்: இலைப்பேன். வீட்டுக்குள் மான்ஸ்டெராவுக்கு வரும் பூச்சிகளில் இதைப்போல் பிடிவாதமானது வேறில்லை. கீறல், பேன் சுரண்டி உறிஞ்சிய இடம். கறுப்புப் புள்ளி அதன் கழிவு. வெள்ளைத் தாளை இலைக்கடியில் பிடித்துத் தட்டினால் ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் வெளிர் குஞ்சுகளும் கருத்த பேன்களும் ஊர்வது தெரியும்.

இரண்டு தெளிப்பில் போகாததற்குக் காரணம் அதன் வாழ்க்கைச் சுற்று. முட்டை இலைத்தசைக்குள் புதைந்திருக்கும். கூட்டுப்புழு பெரும்பாலும் மண்ணில் கிடக்கும். தெளிப்பு தொடுவது இலைமேல் நடமாடுபவற்றை மட்டுமே. முட்டையிலிருந்து வளர்ந்த பேன் வரை சூடான வீட்டில் இரண்டு மூன்று வாரம். ஆகவே 5-7 நாள் இடைவெளியில், ஆறு வாரம், ஒரு முறையும் தவறாமல் செய்ய வேண்டும்.

முதலில் மற்றச் செடிகளிடமிருந்து தள்ளி வையுங்கள். அதிகம் பாழான இலைகளை வெட்டிப் பைக்குள் கட்டி எறியுங்கள். குளியலறையில் இலையின் இரு பக்கமும் காம்பின் மடிப்பும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் 2 மில்லி திரவ சோப்பு, அதன்பின் 5 மில்லி வேப்ப எண்ணெய் கலந்து, பால்போல் ஆனதும் விளக்கணைக்கும் நேரத்தில் தெளியுங்கள். இலையின் அடிப்பக்கமும் விரியாத குருத்தும் நனைய வேண்டும். கலவையை அன்றே தீர்த்துவிடுங்கள், மறுநாள் வீரியம் இருக்காது. வேப்ப எண்ணெய்க்கு அடங்காவிட்டால் ஸ்பினோசாட் கலந்த மருந்தைப் புட்டியில் குறித்த அளவில், இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். ஒரே மருந்தைத் தொடர்ந்து அடித்தால் பேன் பழகிவிடும். ஒட்டும் அட்டையை மண்ணுக்கருகே தொங்கவிடுங்கள். அது பேனை ஒழிக்காது, எண்ணிக்கை குறைகிறதா என்று காட்டும். பழைய கீறல் மறையாது. புது இலை சுத்தமாக வருகிறதா என்பதே கணக்கு.

அரிசிமணிபோல் வெள்ளைப் பஞ்சு கணுவில் ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்தெடுங்கள், வாரம் ஒருமுறை நாலு வாரம். இலையடியில் மெல்லிய வலை, மேலே மணல் தூவியதுபோல் வெளிறிய புள்ளி என்றால் செம்பேன். காற்று வறண்டால் பெருகும், தண்ணீர் பீய்ச்சுவதே பாதி வைத்தியம்.

கேள்வி: தேயிலைச் சக்கை, முட்டை ஓடு எல்லாம் மண்ணில் போட்டு வருகிறோம். இப்போது சின்னக் கொசுபோல் பறக்கிறது, மண்மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, இலை ஓரம் பழுப்பாகக் கருகுகிறது. என்ன உரம் போடலாம்?

பதில்: சமையலறைச் சக்கையைத் தொட்டியில் நேரடியாகப் போடாதீர்கள். மட்கிய பிறகுதான் அது உரம். அதற்கு முன் பூஞ்சைக்கும், அதைத் தின்னும் பூஞ்சைக் கொசுவுக்கும் தீனி. முட்டை ஓடு கரைந்து சுண்ணாம்பாக வேருக்குக் கிடைக்க வருடக்கணக்கில் ஆகும். மேலிருக்கும் சக்கையோடு மூன்று சென்டிமீட்டர் மண்ணை அள்ளி எறிந்து புதுக்கலவை போடுங்கள். கொசுவின் புழு மேல்மண் ஈரத்தில்தான் வாழும். மேல்மண் காய்ந்தபின் ஊற்றுவதும், மஞ்சள் ஒட்டும் அட்டையும், பி.டி.ஐ. என்ற, கொசுப்புழுவைக் கொல்லும் நுண்ணுயிர் கலந்த தண்ணீரும் மூன்று வாரத்தில் அடக்கிவிடும்.

வெள்ளைப் படிவு உப்பு. கடினத் தண்ணீரிலிருந்தோ உரத்திலிருந்தோ வந்தது. ஓரம் கருகுவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம், ஏனென்றால் உப்பு கூடிய மண்ணிலிருந்து வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. தொட்டியின் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். 5 லிட்டர் தொட்டிக்கு 15 லிட்டர். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யலாம்.

உரத்துக்குத் தழைச்சத்து கூடிய 3:1:2 விகிதம் (தழை, மணி, சாம்பல் சத்துகள் இந்த வரிசையில்) இலைச்செடிக்குப் பொருத்தம். எளிதில் கிடைக்கும் 19:19:19 கரையும் உரமும் சரிதான். லிட்டருக்கு அரை கிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அரை கிராமில் தழைச்சத்து 95 மில்லிகிராம் வரும், வீட்டுக்குள் வளரும் செடிக்கு அது தாராளம். காய்ந்த மண்ணில் உரத்தண்ணீர் ஊற்ற வேண்டாம், முதலில் வெறும் தண்ணீரால் நனையுங்கள். குருத்து வராமல் நிற்கும் மாதங்களில் உரத்தை நிறுத்துங்கள். வெளிச்சம் போதாத செடிக்கு உரம் போட்டு வளர்க்க முயல்வது வீண். பயன்படாத உரம் மண்ணில் உப்பாகவே சேரும்.

கேள்வி: தினமும் இலைமேல் தண்ணீர் தெளிப்பது ஈரப்பதத்தைக் கூட்டுமா?

பதில்: சில நிமிடத்துக்கு. இலை காய்ந்ததும் காற்று பழையபடி ஆகிவிடும். மான்ஸ்டெராவின் இலை தடித்தது, 50 சதவீத ஈரப்பதம் போதும். அதற்கும் கீழே போனால் குருத்து உறைக்குள் சிக்கி, விரியும்போது கிழிந்து வரும். அப்போது கையால் பிரிக்காதீர்கள். குருத்தின் மேல் ஈரத்துணியைச் சிறிது நேரம் சுற்றி வையுங்கள், தானாக நழுவி வரும். குளிர்சாதனக் காற்று நேராக அடிக்கும் இடத்திலிருந்து நகர்த்துவது தெளிப்பதைவிட உதவும். 18 முதல் 30 டிகிரி இதற்குச் சுகமான வெப்பம். 10 டிகிரிக்குக் கீழே இலை கறுக்கத் தொடங்கும்.

தெளிக்கும் நேரத்தை இலை துடைப்பதில் செலவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அடியில் உள்ளங்கையைக் கொடுத்து ஈரத்துணியால் துடைத்தால் தூசி போகும், வெளிச்சம் கூடும், பூச்சியும் தொடக்கத்திலேயே கண்ணில் படும். பளபளப்புக்காக எண்ணெயோ பாலோ பூச வேண்டாம்.

கேள்வி: மான்ஸ்டெரா அறைக் காற்றைச் சுத்தம் செய்யுமா?

பதில்: உணரும் அளவுக்கு இல்லை. இந்தப் பேச்சு தொடங்கியது 1989-ல் நாசா வெளியிட்ட ஆய்விலிருந்து. அது சிறிய, காற்றுப்புகாத பெட்டிகளுக்குள் நடந்தது. வீட்டில் கதவிடுக்கு வழியாகவே காற்று மாறிக்கொண்டிருக்கும். இத்தகைய ஆய்வுகளைப் பின்னர் தொகுத்துக் கணக்கிட்டவர்கள், அந்தக் காற்று மாற்றத்துக்கு ஈடுகொடுக்க ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை தேவைப்படும் என்று காட்டினார்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கேள்வி: வீட்டில் கைக்குழந்தையும் பூனையும் உண்டு. ஆபத்தா? பழம் தின்னலாம் என்றும் சொல்கிறார்களே?

பதில்: இலை, தண்டு, வேர் எல்லாவற்றிலும் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிப்படிகங்கள் உண்டு. கடித்தால் வாயும் நாக்கும் எரியும், வீங்கும், எச்சில் ஒழுகும். எரிச்சல் உடனே வருவதால் அதிகம் விழுங்குவது அரிது. என்றாலும் எட்டாத உயரத்தில் வையுங்கள். கடித்துவிட்டால் வாயைத் துடைத்துக் கழுவி, குளிர்ந்த நீர் கொடுங்கள். வீக்கம் கூடினாலோ மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமப்பட்டாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். பூனைக்குக் கால்நடை மருத்துவர்.

பழம் உண்மைதான், டெலிசியோசா என்ற பெயரே அதன் சுவையால் வந்தது. பூத்துப் பழுக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். மேலிருக்கும் பச்சைச் செதில்கள் தானாக உதிர்ந்த பகுதியை மட்டுமே தின்னலாம், உதிராத பகுதி இலையைப்போலவே வாயை எரிக்கும். வீட்டுக்குள் பூப்பது மிக அபூர்வம்.

கேள்வி: வெள்ளைத் திட்டுள்ள மான்ஸ்டெராவின் விதை இணையத்தில் விற்கிறார்கள். வாங்கலாமா? எங்களிடம் உள்ள ‘அல்போ’ என்ற வெள்ளைத் திட்டுச் செடியில் கடைசி மூன்று இலைகள் முழுப் பச்சையாக வந்துவிட்டன.

பதில்: விதையை வாங்காதீர்கள். அல்போவின் வெள்ளை, ஒரே தண்டில் பச்சையமுள்ள திசுவும் இல்லாத திசுவும் பக்கத்தில் பக்கத்தில் வளர்வதால் வருவது. அந்த அமைப்பு விதை வழியாக அப்படியே இறங்காது. போத்திலிருந்துதான் பெருக்க முடியும். ‘தாய் கான்ஸ்டலேஷன்’ (Thai Constellation) என்ற பாலாடை நிறத் தெளிப்பு வகை திசு வளர்ப்புக்கூடத்திலிருந்து வருவது, அதன் நிறம் நிலையானது. திட்டு மாறாமல் இருக்க வேண்டும் என்பவர்கள் அதை வாங்கலாம்.

உங்கள் செடியின் தண்டைக் கவனியுங்கள். வெள்ளைக்கோடு எந்தக் கணு வரை வருகிறது என்று பார்த்து, கோடு மொட்டின்மேலேயே ஓடும் கடைசிக் கணுவுக்கு மேலே வெட்டுங்கள். அந்த மொட்டிலிருந்து கிளம்பும் கிளையில் வெள்ளை திரும்ப வாய்ப்பு உண்டு. வெட்டிய பச்சை நுனியைத் தனியே நட்டால் சாதாரண மான்ஸ்டெராவாக வேகமாக வளரும். மாறாக, முழு வெள்ளை இலைகளாக வந்தாலும் வெட்டத்தான் வேண்டும். பச்சையம் இல்லாத இலை தனக்கே உணவு செய்யாது, சில வாரத்தில் பழுப்பாகிக் கருகும், அதுவரை மற்ற இலைகளின் உழைப்பைத் தின்னும். வெள்ளைத் திட்டுச் செடிக்குப் பச்சைச் செடியைவிட வெளிச்சம் கூடுதலாகவும், தண்ணீரும் உரமும் குறைவாகவும் வேண்டும். உணவு செய்யும் பரப்பு பாதிதான் என்பதால் மண் காய்வதும் மெதுவாகவே நடக்கும், அடுத்த முறை ஊற்றுமுன் குச்சியைக் குத்திப் பாருங்கள்.